முதுகெலும்பில் ஒரு புள்ளி... கேன்சர்தானா?

"முதுகு வலிக்குதேன்னு போனேன் சார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம்னாங்க. எடுத்தா, ரிப்போர்ட்ல 'லீஷன்'னு ஒரு வார்த்தை போட்டிருக்கு. அதிலேர்ந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கலை..."

எலும்பு டாக்டர்களின் கிளினிக்கில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பது சாயங்காலம். டாக்டரைப் பார்க்கப் போவது மறுநாளோ, அதற்கும் மறுநாளோ. நடுவில் இருக்கிறதே ஒரு ராத்திரி... அதுதான் கொடுமை! கவரைப் பிரிக்காமல் இருக்க முடிகிறதா? பிரிக்கிறோம். காலேஜ் போகும் பையனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறோம். அவன் செல்போனில் அந்த வார்த்தையைத் தட்டிப் பார்க்கிறான். முதல் நாலு வரிக்குள் 'கேன்சர்' வந்து நிற்கிறது. அப்புறம் தூக்கம் ஏது?

அந்த ராத்திரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. முதுகெலும்பில் தெரியும் ஒரு புள்ளி எப்போது சாது, எப்போது பொல்லாதது, இரண்டையும் டாக்டர்கள் எதை வைத்துப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாமல் நடுங்க மாட்டீர்கள். நடுங்க வேண்டிய நேரத்தில் தைலம் தேய்த்துக்கொண்டு சும்மாவும் இருக்க மாட்டீர்கள்.

அது என்ன லீஷன்?

முதலில் அந்த வார்த்தையின் பல்லைப் பிடுங்கிவிடுவோம். லத்தீன் மொழியில் 'காயம்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது அது. மருத்துவத்தில், சுற்றியுள்ள இடத்தைவிட வித்தியாசமாக இருக்கும் எந்த இடமும் லீஷன்தான். முகத்தில் வரும் பருகூட லீஷன். ரேடியாலஜிஸ்ட் அப்படி எழுதினால், 'இந்த இடம் கொஞ்சம் மாறியிருக்கிறது' என்றுதான் அர்த்தம். அது நல்லதா கெட்டதா என்பது அந்த வார்த்தையில் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எழுதியிருப்பதில் இருக்கிறது.

ரிப்போர்ட்டின் கடைசியில் பெரும்பாலும் இன்னொரு வரி இருக்கும். 'கிளினிக்கலாகப் பொருத்திப் பார்க்கவும்' என்ற மாதிரி. பலர் இதைப் படித்துவிட்டு, "பாருங்க, அவங்களுக்கே தெரியலை" என்று நொந்துகொள்கிறார்கள். விஷயம் அதுவல்ல. படத்தைப் பார்த்தவர் உங்களைப் பார்க்கவில்லை. உங்கள் வயது என்ன, வலி எப்படி, முன்பு என்ன நோய் வந்தது என்பதெல்லாம் உங்கள் டாக்டருக்குத்தான் தெரியும். அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார். இந்த 'சேர்த்துப் பார்ப்பது' என்ற காரியத்தில்தான் முழுச் சூட்சுமமும் இருக்கிறது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1988-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகு வலி என்று வந்த 1,975 பேரைப் பரிசோதித்தார்கள். கேன்சரால் வலி வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 13 பேர்! நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால், அந்த 13 பேரைப் பற்றியும் யோசித்துப் பாருங்கள். அவர்களைத் தவறவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் டாக்டர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

சாது மனிதர்கள்

முதுகெலும்பில் தற்செயலாகக் கண்ணில் படும் கட்டிகளில் முதலிடம் ஹீமாஞ்சியோமாவுக்கு. பெயர்தான் பயமுறுத்துகிறது. ஆசாமி பரம சாது! முள்ளெலும்புக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் கொத்தாக விரிந்து, நடுவில் கொழுப்பும் சேர்ந்திருக்கும். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. அதாவது, நீங்கள் ஏறும் டவுன் பஸ்ஸில் நாலைந்து பேர் இதைச் சுமந்துகொண்டுதான் போகிறார்கள். ஆயுசு முழுக்க அவர்களுக்கு அது தெரியப் போவதும் இல்லை.

இதை அடையாளம் கண்டுபிடிப்பது ரேடியாலஜிஸ்டுக்குச் சிரமமில்லை. எலும்புக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நுண்ணிய தூண்களில் சில மறைந்துபோக, மிச்சமிருக்கும் நேர்த் தூண்கள் தடித்துவிடும். எக்ஸ்ரேயில் இது ஜன்னல் கம்பி மாதிரி நெட்டுக் கோடுகளாகத் தெரியும். சி.டி. ஸ்கேன் எலும்பைக் குறுக்கே நறுக்கிக் காட்டுவதால், அதே தூண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நம்மூர் சுங்குடிப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே அழகு! எம்.ஆர்.ஐ.யில் எடுக்கும் 'டி1', 'டி2' என்ற இரண்டு வகைப் படங்களிலும் இது வெள்ளையாகப் பளிச்சிடும். உள்ளே இருக்கும் கொழுப்பு செய்யும் வேலை அது. மூன்றும் ஒத்துப்போனால் டாக்டர், "இதை மறந்துட்டு வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிடுவார். மாத்திரை கிடையாது, மறு ஸ்கேனும் வேண்டியதில்லை.

எப்போதாவது ஒரு ஹீமாஞ்சியோமா வாலாட்டுவதும் உண்டு. எலும்பைத் தாண்டி வளர்ந்து தண்டுவடத்தை அழுத்தும். மிகவும் அபூர்வம். கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இப்படி ஆகலாம். வயிற்றுப் பாரத்தால் வரும் சாதாரண முதுகு வலி வேறு. கால் மரத்து, நடை தடுமாறினால் அது வேறு. "பிள்ளை பொறந்தா சரியாயிடும்" என்று மாமியார் சொன்னாலும், இரண்டாவதற்கு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்த சாது, எலும்புத் தீவு. முள்ளெலும்பின் உட்புறம் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். அதற்குள், வெளிப்புறத்தில் இருக்க வேண்டிய கெட்டி எலும்பு ஒரு சின்ன உருண்டையாக உட்கார்ந்துவிடும். சாதத்தில் சிக்கிய கல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறவியிலேயோ வளரும்போதோ வந்த சின்ன விசித்திரம், நோயே அல்ல. ஆனால் இதுதான் வீட்டில் பெரிய கலவரத்தை உண்டாக்கும். ஏனென்றால், பிராஸ்டேட் சுரப்பியில் வரும் கேன்சர் எலும்புக்குப் பரவும்போதும் இதே போலக் கெட்டியான வெள்ளைப் புள்ளிகளாகத்தான் தெரியும்!

எப்படிப் பிரிப்பது? எலும்புத் தீவின் ஓரத்தை உற்றுப் பார்த்தால், முள் முள்ளாக நீட்டிக்கொண்டு சுற்றியுள்ள எலும்போடு கலந்திருக்கும். அது ரொம்பவும் கெட்டி. சி.டி. ஸ்கேனில் கெட்டித்தன்மையை எண்ணாகவே அளக்கலாம். ஸ்கேனை உருவாக்கிய இங்கிலாந்து எஞ்சினியர் ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அளவும் இருக்கிறது. தண்ணீருக்குப் பூஜ்யம். 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, புள்ளியின் சராசரி 885-க்கு மேலும் உச்சம் 1060-க்கு மேலும் போனால், அது எலும்புத் தீவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பரவிய கேன்சர் பொதுவாக இவ்வளவு கெட்டியாக இருப்பதில்லை. ஆனால் ஒன்று. ஏற்கெனவே கேன்சருக்கு மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்கு, பரவிய புள்ளியும் ஆறி இறுகிப்போயிருக்கலாம். அங்கே இந்தக் கணக்கு பலிக்காது.

இவை தவிர, டிஸ்க் பக்கத்து எலும்புக்குள் லேசாக அமுங்கிப் பதிந்த குழிகள், தேய்மானத்தால் எலும்பின் விளிம்பில் வரும் நிறமாற்றங்கள் என்று இன்னும் சில உண்டு. நாற்பதைத் தாண்டிய யாருக்கும் வரக்கூடியவை. தலையில் நரை வருகிற மாதிரிதான்!

கெட்டது ஏன் அங்கே போகிறது?

முதுகெலும்பிலேயே பிறக்கும் கேன்சர் மிகக் குறைவு. பெரியவர்களுக்கு அங்கே காணப்படும் கேன்சரில் பெரும்பாலானவை வேறு இடத்திலிருந்து குடியேறியவை. மார்பகம், நுரையீரல், பிராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு... இந்த ஐந்தும் முக்கியமான பிறந்த வீடுகள். கேன்சர் எலும்புக்குப் பரவும்போது அதிகம் போய்ச் சேரும் இடமும் முதுகெலும்புதான்.

காரணம் சுவாரசியமானது. கால் நரம்புகளில் ரத்தம் திரும்பி வழியாமல் தடுக்க வால்வுகள் உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். முதுகெலும்பைச் சுற்றிப் பின்னியிருக்கும் ரத்தநாள வலையில் அந்த வால்வு கிடையாது. 1940-ல் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூறு நிபுணர் இறந்தவர்களின் உடலில் சாயத்தைச் செலுத்திப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து அது நேராக முதுகெலும்புக்குப் போவதைக் காட்டினார். இருமினால், முக்கினால் அந்த வலையில் ரத்தம் முன்னும் பின்னும் ஓடும். வழிதவறிய கேன்சர் செல்லுக்கு இதைவிட வசதியான பாதை வேண்டுமா? போதாக்குறைக்கு, முள்ளெலும்புக்குள் ரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை வேறு நிறைய இருக்கிறது.

அந்த மஜ்ஜையிலேயே பிறக்கும் கேன்சர் ஒன்றும் உண்டு. மல்டிபிள் மைலோமா என்று பெயர். வயதானவருக்கு விடாத முதுகு வலி, கூடவே காரணம் தெரியாத ரத்தசோகை, சிறுநீரகமும் கொஞ்சம் மக்கர் செய்கிறது என்றால், டாக்டர் மனதில் இது வந்துவிட வேண்டும். எலும்பு முழுவதையும் பார்க்கும் போன் ஸ்கேன் சாதாரணமாகப் பரவிய கேன்சரை நன்றாகக் காட்டும். ஆனால் மைலோமாவை அது பலமுறை கோட்டைவிட்டுவிடும். அதனால் ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள புரதத்தைத் தனியாகப் பரிசோதிப்பார்கள். ரத்தப் பரிசோதனைதானே என்று அலட்சியம் வேண்டாம். இந்த நோயில் படத்தைவிட அதுதான் அதிகம் பேசும்.

வலி சொல்லும் சேதி

சரி, உங்கள் வலிக்கு வருவோம். சாதாரண முதுகு வலி வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். ஒரு வாரம் இழுக்கும், அப்புறம் தணியும். கெட்ட வலி அப்படி இல்லை. படுத்தாலும் விடாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கும். நாளாக நாளாக ஏறிக்கொண்டே போகும்.

முன்பு சொன்ன ஆய்வில், கேன்சர் உள்ளவர்களைக் காட்டிக்கொடுத்தவை நான்கு விஷயங்கள். வயது ஐம்பதுக்கு மேல் இருப்பது, முன்பே கேன்சர் வந்திருப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ஒரு மாத வைத்தியத்துக்கும் வலி மசியாமல் இருப்பது. இதில் ரொம்பவும் கனமான சாட்சி எது என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: முன்பு வந்த கேன்சர்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்திருக்கும். கரன்ட் வைத்து, மருந்து ஏற்றி, எல்லாம் குணமாகி, பேத்திக்குக் காது குத்தும் ஆயிற்று. இப்போது முதுகு வலி. எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். "வேற ஏதாவது நோய் உண்டா?" என்று அவர் கேட்கிறார். "சுகர் இருக்கு, பிரஷர் இருக்கு" என்று சொல்கிறோம். ஆபரேஷனைச் சொல்வதில்லை! கூச்சம் ஒரு காரணம். "அதுதான் சரியாப் போச்சே, அதை ஏன் கிளறணும்?" என்ற நினைப்பு இன்னொரு காரணம். சில வீடுகளில், அன்றைக்கு வந்தது கேன்சர் என்பதே அம்மாவுக்குத் தெரியாது. "சாதாரணக் கட்டிம்மா" என்று சொல்லி வைத்திருப்பார்கள். அம்மாவை எதிரில் வைத்துக்கொண்டு மகன் எப்படிச் சொல்வான்?

மார்பகக் கேன்சர் பத்து, பதினைந்து வருஷம் கழித்தும் எலும்பில் தலைகாட்டக்கூடியது. அந்த ஒரு தகவல் இல்லாவிட்டால், டாக்டர் தேய்மானம் என்று நினைத்து இரண்டு மாதம் மாத்திரையும் பெல்ட்டும் கொடுப்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா? எதிரில் சொல்ல முடியாவிட்டால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஃபைலோடு நீட்டிவிடுங்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்திலும் அதையே செய்யுங்கள். என்னைக் கேட்டால், அம்மாவிடமே உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி. அவர் உடம்பு, அவர் வலி. முதலில் தெரிய வேண்டியது அவருக்கு.

ஆந்தை கண்ணடித்தால்...

முள்ளெலும்பை நேராக எக்ஸ்ரே எடுத்தால் பார்க்க ஓர் ஆந்தை முகம் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு வட்டக் கண்கள், நடுவில் மூக்கு. அந்தக் கண்கள் எலும்பின் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் இணைக்கும் சின்னத் தூண்கள். கேன்சர் ஒரு தூணை அரித்துவிட்டால் அந்தப் பக்கத்துக் கண் மறைந்துவிடும். 'கண்ணடிக்கும் ஆந்தை' என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

அதற்காக எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. எலும்பில் உள்ள தாதுச்சத்தில் 30 முதல் 50 சதவிகிதம் போன பிறகுதான் எக்ஸ்ரேயில் ஓட்டை தெரியும். மஜ்ஜைக்குள் நடப்பதை வெகு முன்னாலேயே காட்டுவது எம்.ஆர்.ஐ. வயது ஏற ஏற நம் மஜ்ஜையில் கொழுப்பு சேரும். 'டி1' படத்தில் கொழுப்பு வெளுப்பாகத் தெரியும். கேன்சர் செல்கள் அந்தக் கொழுப்பைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்வதால், அந்த இடம் கறுக்கும், பக்கத்து டிஸ்க்கைவிடவும் கறுப்பாக. ரேடியாலஜிஸ்ட் முதலில் தேடுவது இந்தக் கறுப்பைத்தான். கொழுப்பு உள்ளே பத்திரமாக இருந்தால் பெரும்பாலும் நல்ல செய்தி.

'கறுப்பு என்றால் கேன்சர்' என்று நீங்களே ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முடிவு கட்டிவிடாதீர்கள். எலும்பு மெலிந்த பாட்டிக்கு, பாத்ரூமில் லேசாக வழுக்கியதில் முள்ளெலும்பு நசுங்கினால் அதுவும் கறுக்கும். ரத்தம் கட்டி வீங்குகிறதே, அதனால். பாட்டியின் நசுங்கலில் கறுப்பு ஒரு பட்டையாக நின்றுவிடும். மிச்ச எலும்பில் கொழுப்பு அப்படியே இருக்கும். சில மாதம் கழித்து எடுத்தால் அந்தக் கறுப்பும் வெளுத்திருக்கும். கேன்சரால் நொறுங்கிய எலும்பில் கறுப்பு முழுசாகப் பரவி, ஆந்தைக் கண் வரை போய், பின்சுவர் பலூன் மாதிரி தண்டுவடத்தின் பக்கம் புடைத்திருக்கும். எல்லா நேரமும் இவ்வளவு தெளிவாகப் பிரியாது என்பதும் உண்மை.

நம் நாட்டில் மூன்றாவதாக ஒரு ஆளையும் கணக்கில் எடுக்க வேண்டும். டி.பி.! நுரையீரலுக்கு மட்டும்தான் டி.பி. வரும் என்று நினைக்கிறோம். எலும்பில் வரும் டி.பி.யில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. 1779-ல் லண்டன் சர்ஜன் பெர்சிவல் பாட் எழுதி வைத்ததால், 'பாட் வியாதி' என்றே இதற்குப் பெயர். எடை குறைகிறது, ராத்திரி வலிக்கிறது, எலும்பு கரைகிறது. கேட்டால் கேன்சர் மாதிரியே இல்லை? ஆனால் இது முழுசாகக் குணமாகக்கூடிய நோய்.

டி.பி.க்கும் கேன்சருக்கும் ஒரு நல்ல வித்தியாசம் உண்டு. டி.பி. பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு எலும்புகளையும் நடுவில் உள்ள டிஸ்க்கையும் சேர்த்தே அரிக்கும். பக்கத்தில் சூடில்லாத சீழ்க்கட்டி இறங்கியிருக்கும். கேன்சர் எலும்பைத் தின்னும், டிஸ்க்கை விட்டுவைக்கும். விதிவிலக்கு உண்டு. ஆகவே சந்தேகம் இருந்தால் சதையை எடுத்துப் பார்க்காமல் எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதக் கூடாது. டி.பி.க்கு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டால் போதும் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆராய்ச்சி நிலையம், 1956-ல் நம் சென்னையில் தொடங்கப்பட்டதுதான். முதுகெலும்பு டி.பி.க்கு இப்போது பொதுவாக ஒரு வருஷமாவது மருந்து. அரசு இலவசமாகவே கொடுக்கிறது. நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து.

ஒரு சின்ன விஷயம், இளைஞர்களுக்கு. பதினாறு, பதினெட்டு வயதுப் பையன். ராத்திரியில் முதுகு குடைகிறது. முதுகு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஆஸ்பிரின் வகை மாத்திரை போட்டால் சுவிட்ச் போட்ட மாதிரி வலி நிற்கிறது. இது பெரும்பாலும் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா. பட்டாணி அளவுள்ள சாதுக் கட்டி! ராத்திரி வலி என்றாலே கேன்சர் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. ஊசி வழியாகச் சூடு செலுத்தியே பல இடங்களில் இதைச் சுட்டுவிடுகிறார்கள். அதற்காக மாத்திரையை நீங்களே வாங்கிக் கொடுத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

ஊசி குத்தினால் பரவுமா?

"கத்தி பட்டா கேன்சர் பரவிடுமாமே டாக்டர்!" இந்தப் பயத்தால் பயாப்சி வேண்டாமென்று ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சி.டி. ஸ்கேனில் வழி பார்த்துக்கொண்டே, மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய ஊசியால் துளி எலும்பை எடுப்பார்கள். பெரும்பாலானோர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஊசி போன பாதையில் செல் ஒட்டிக்கொள்வது மிக அபூர்வம். முதுகெலும்பிலேயே பிறந்த கட்டியாக இருக்கலாம் என்று சந்தேகித்தால், பின்னால் ஆபரேஷனில் அந்தப் பாதையையும் சேர்த்து நீக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால்தான், ஆபரேஷன் செய்யப்போகிறவரைக் கலந்துகொண்டு பயாப்சி செய்வது நல்லது என்கிறார்கள். டி.பி.யா கேன்சரா, கேன்சர் என்றால் எந்த வீட்டுக் கேன்சர் என்று சொல்லப் போவது அந்தத் துளிதான். மருந்து அதைப் பொறுத்தே மாறும்.

எல்லாப் புள்ளிக்கும் பயாப்சி தேவையா? இல்லவே இல்லை. சுங்குடிப் புள்ளியைக் குத்த வேண்டிய அவசியமே கிடையாது. நடுவாந்தரமாக இருப்பதை, "மூணு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்ப்போம்" என்பார்கள். "காசு பிடுங்கத்தான்" என்று நினைத்து அந்த மறு ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். வளராமல் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

காத்திருக்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு. முதுகு வலியோடு கால் வலுவிழந்தால், நடக்கும்போது செருப்பு நழுவுவது தெரியாமல் போனால், மலம் கழித்துக் கழுவும் இடத்தில் மரத்துப்போனால், சிறுநீர் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமல் போய்விட்டால், அன்றைக்கே எமர்ஜென்சி. 'அமாவாசை கழியட்டும்', 'திங்கட்கிழமை பெரிய டாக்டர் வருவார்' என்ற பேச்செல்லாம் கூடாது. தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். சிகிச்சை தொடங்கும்போது நடந்துகொண்டிருப்பவர்தான், பிறகும் நடப்பார். படுத்த பிறகு எழுப்புவது கஷ்டம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய கேன்சர் ஒரு இடத்தில் தண்டுவடத்தை அழுத்தியவர்களில் ஒரு பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு உடனே ஆபரேஷனும் செய்து கதிர்வீச்சும் கொடுத்தார்கள். முதல் பிரிவில் நூற்றுக்கு 57 பேர் நடந்தார்கள். இரண்டாவதில் 84 பேர்! கேன்சர் முதுகுக்கு வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கையை விரிக்கும் காலம் இல்லை இது. வலிக்காக மட்டுமே கொடுக்கும் கதிர்வீச்சைப் பலருக்கு ஒரே தடவையில் முடித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. என்ன புள்ளி என்று தெரியாத வரை முதுகை மிதிக்கச் சொல்வது, சுளுக்கு எடுக்கிறவரிடம் படுத்து 'மடக்' என்று முறுக்கிக்கொள்வது, எதுவும் வேண்டாம். கேன்சரோ டி.பி.யோ அரித்து வைத்திருக்கும் எலும்பு, அந்த ஒரு முறுக்கில் நொறுங்கிவிடலாம்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஃபிலிம் அல்லது சி.டி. தட்டையும் எடுத்துப் போங்கள். ஐந்து வருஷத்துக்கு முன் கிட்னிக் கல்லுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தீர்களா? அதிலும் முதுகெலும்பு விழுந்திருக்கும்! அதே புள்ளி அன்றைக்கும் அதே அளவில் இருந்திருந்தால், பெரும்பாலும் அங்கேயே வழக்கு முடிந்தது. ஆயிரக்கணக்கில் செலவாகும் புதுப் பரிசோதனைகளைவிட அந்தப் பழைய படம் சில சமயம் அதிகம் உதவும். ஆகவே அதைப் பரண்மேல் போட்டு வைக்காதீர்கள். வெயில் படாத பீரோவில், ஒன்றோடொன்று ஒட்டாமல், எடுத்த தேதியைக் கவரின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். தொலைந்துபோயிருந்தால் எடுத்த இடத்தில் கேட்டுப் பாருங்கள். பல சென்டர்களில் கம்ப்யூட்டரில் இருக்கும், தட்டில் பதிந்து கொடுப்பார்கள்.